பேயைக் காட்டிப் பிழைக்கும் பாலைவன ஊர்கள்

அக்டோபர் மாதக் கடைசியில் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் அறை கிடைப்பது பெரும்பாடு. அரிசோனா மாநிலத்து டூம்ஸ்டோனில் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் குடியிருக்கிறார்கள். ஜெரோமில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் ஹாலோவீன் நெருங்கினால் இந்த ஊர்களுக்குக் கார் கார்களாக ஆள் வருகிறது. இடிந்த வங்கி, பழைய சிறை, கல்லறைத் தோட்டம், நள்ளிரவில் யாரோ படியேறும் சத்தம் கேட்பதாகச் சொல்லப்படும் ஹோட்டல் என்று இவற்றைத் தேடித்தான் வருகிறார்கள். பேய்ச் சுற்றுலா என்று சொல்லிவிடலாம். இது என்ன மாதிரியான பயணம், ஏன் அந்தப் பாலைவனத்தில் மட்டும் இத்தனை பேய்கள், முதல்முறை போகிறவர் எங்கே போகலாம் என்பதை ஒன்றும் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

ஹாலோவீன் பற்றி இரண்டு வரி போதும். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் எல்லோருக்குமான திருநாள். அதற்கு முந்தைய இரவு அக்டோபர் 31. அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்கள் அறுவடை முடிந்ததும் கொண்டாடிய பழைய பண்டிகை ஒன்றின் சாயல் அதில் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து குடிபெயர்ந்தவர்களோடு அது அமெரிக்காவுக்கு வந்தது. குழந்தைகளுக்கு வேஷம், மிட்டாய். பெரியவர்களுக்குக் காசு கொடுத்துப் பயப்படும் சீசன்.

ஊர் எப்படிச் செத்தது

'கோஸ்ட் டவுன்' என்றால் ஒரு காலத்தில் ஆள் நிறைந்திருந்து, பிறகு எல்லோரும் விட்டுப்போன ஊர். பேய்க்கதை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். நெவாடாவில் மரணப் பள்ளத்தாக்கின் ஓரமாக இருக்கும் ரயலைட் இதற்கு நல்ல உதாரணம். 1904-ல் ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ் என்ற இருவர் அந்தக் குன்றுகளில் தங்கம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே கூடாரங்கள் முளைத்தன. அப்புறம் மின்சாரம், ரயில், பள்ளிக்கூடம், பங்குச் சந்தை எல்லாம் வந்தன. ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தார்கள். 1908-ல் ஒரு வங்கிக்கு மூன்று மாடிக் கட்டடம் எழுந்தது. ஆனால் அதற்கு முந்தைய வருடமே நாட்டில் நிதி நெருக்கடி வந்து, முதலீடு போட்டவர்கள் கையை இழுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். எதிர்பார்த்த அளவு தங்கமும் கிடைக்கவில்லை. 1911-ல் பெரிய சுரங்கத்தை மூடினார்கள். 1916-ல் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்கள். பிறந்ததிலிருந்து இறந்தது வரை பன்னிரண்டு வருடம்தான்.

இப்போது அங்கே வங்கியின் முன்சுவர் வானத்தைப் பார்த்து நிற்கிறது. ரயில் நிலையம் கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. மதுக்கடைகளில் மிஞ்சிய ஆயிரக்கணக்கான பாட்டில்களை அடுக்கி 1906-ல் ஒருவர் கட்டிய பாட்டில் வீடும் இருக்கிறது. மரவீடுகள் எங்கே என்று கேட்டால், பாலைவனத்தில் மரம் தங்கத்துக்கு அடுத்த சொத்து. ஊர் காலியானதும் பலகைகளைப் பிரித்து வண்டியேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். சில கட்டடங்கள் அப்படியே பக்கத்து ஊரான பெய்ட்டிக்கு இடம் மாறின. ரயலைட்டுக்குப் போகிற வழியில் வெள்ளைத் துணி போர்த்திய, உள்ளே ஆளில்லாத உருவங்கள் வரிசையாக நிற்கும். முதல்முறை பார்ப்பவர் திடுக்கிடுவார். அவை 1984-ல் ஆல்பர்ட் ஷுகால்ஸ்கி என்ற பெல்ஜிய சிற்பி செய்த கலைப்படைப்பு. ரயலைட்டின் வரலாற்றுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் படமெடுப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

ஏன் இங்கே மட்டும் இத்தனை? மற்ற இடங்களில் ஓர் ஊரின் தொழில் போனால் விவசாயம் இருக்கும், ஆறு இருக்கும், சந்தை இருக்கும். ஊர் எப்படியாவது ஒட்டிக்கொண்டு கிடக்கும். பாலைவனச் சுரங்க ஊருக்கு மண்ணுக்கடியில் இருக்கும் தாது ஒன்றுதான் ஆதாரம். தாது தீரலாம். தாது இருந்தும் விலை விழலாம். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1881-ல் தோன்றிய காலிகோ அப்படித்தான் 1890-களில் வெள்ளி விலை சரிந்ததும் காலியானது. மூன்றாவது காரணம் வேடிக்கையானது: பாலைவனத்தில் தண்ணீர் அதிகமாகிவிடுவது. டூம்ஸ்டோனின் வெள்ளிச் சுரங்கங்களில் சில நூறு அடி இறங்கியதும் நிலத்தடி நீர் பீறிட்டது. பெரிய பம்புகளை வைத்து இறைத்தார்கள். 1886-ல் பம்பு நிலையம் ஒன்று தீப்பிடித்து எரிந்ததும் சுரங்கங்கள் மூழ்கின.

காலியான ஊர் அழியாமல் நிற்பதற்குக் காரணம் காற்றின் வறட்சி. மரம் மக்காது, இரும்பு சட்டென்று துருப்பிடிக்காது. சுடாத மண்கல்லில் கட்டிய சுவர்கள் மட்டும் விதிவிலக்கு. கூரை போனால் அவை மழைக்கு மழை கரைந்துவிடும். இடத்துக்கு வேறு தேவை இல்லாததால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவும் யாரும் வரவில்லை.

எல்லாம் அசல் என்று நினைத்துவிட வேண்டாம். காலிகோவை 1951-ல் வால்டர் நாட் என்ற கேளிக்கைப் பூங்கா அதிபர் வாங்கி, பழைய படங்களைப் பார்த்துத் திரும்பக் கட்டினார். 1966-ல் மாவட்ட நிர்வாகத்துக்குக் கொடுத்துவிட்டார். இன்று நீங்கள் அங்கே பார்ப்பதில் பெரும்பகுதி அவர் கட்டியது. குழந்தைகளோடு போக நல்ல இடம். அக்டோபரில் ஹாலோவீன் விழாவும் நடத்துகிறார்கள். ஆனால் பழைய ஊரைப் பார்க்கவேண்டும் என்றால் என் ஓட்டு ரயலைட்டுக்குத்தான்.

சாகாத ஊர், சாவை விற்கும் ஊர்

டூம்ஸ்டோன் காலியாகவில்லை. அதன் கதை 1877-ல் எட் ஷிஃப்லின் என்ற சுரங்கத் தேடியோடு ஆரம்பிக்கிறது. அப்பாச்சி பழங்குடியினரின் நிலத்தில் தனியாகத் திரிந்த அவரிடம், "அங்கே உனக்குக் கிடைக்கப்போகிற ஒரே கல் உன் கல்லறைக் கல்தான்" என்று சிப்பாய்கள் சொன்னார்களாம். வெள்ளி கிடைத்ததும் அவர் அந்தக் கிண்டலையே பெயராக வைத்தார்; டூம்ஸ்டோன் என்றால் கல்லறைக் கல். 1881 அக்டோபர் 26 அன்று பிற்பகலில் அங்கே நடந்த துப்பாக்கிச் சண்டை ஏறத்தாழ 30 வினாடிதான் நீடித்தது. ஒரு பக்கம் ஊர்க்காவல் தரப்பில் நின்ற அர்ப் சகோதரர்கள் மூவரும் அவர்களின் நண்பர் டாக் ஹாலிடேயும். எதிர்ப்பக்கம் கிளான்டன், மெக்லாரி குடும்பத்து ஆட்கள். மூன்று பேர் செத்தார்கள். ஓ.கே. காரல் சண்டை என்று உலகமெல்லாம் பெயர். உண்மையில் சண்டை நடந்தது அந்தக் குதிரைக் கொட்டடிக்குள் இல்லை, அதன் பின்பக்கத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு காலி மனையில்.

ஹாலோவீனுக்கு ஐந்து நாள் முன்னால் வருகிறது அந்தத் தேதி. ஊருக்கு அது அடித்த யோகம். 1929-ல் மாவட்டத் தலைமையிடத்தைப் பக்கத்து ஊருக்கு மாற்ற மக்கள் வாக்களித்தார்கள். கையில் இருந்த கடைசி வேலைவாய்ப்பும் போகப்போகிற நேரம். அதே வருடம் அக்டோபரில், சண்டையை நடித்துக்காட்டும் ஹெல்டொராடோ திருவிழாவைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. வெள்ளி போன பிறகு ஊர் தன் சாவுகளைத் தோண்டியெடுத்து விற்கக் கற்றுக்கொண்டது. குறையாகச் சொல்லவில்லை, வேறு எதை வைத்துப் பிழைப்பார்கள்?

அங்கே பூட்ஹில் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கலாம். மரப்பலகைகள் பல பின்னாளில் புதிதாக எழுதி நட்டவை. கூட்டம் கிளான்டன், மெக்லாரி கல்லறைகளைச் சுற்றித்தான் நிற்கும். சற்றுத் தள்ளிப் போனால் சீனர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள், நிதானமாகப் பார்க்கலாம்.

1881-ல் திறந்த பேர்ட் கேஜ் தியேட்டரும் அங்கேதான். சூதாட்டம், மது, நடனம், சுவரெல்லாம் குண்டுத் துளை. அங்கே 26 பேர் கொல்லப்பட்டார்கள் என்று சொல்கிறார்கள். சரி. இப்போது அரிசோனாவை விட்டுப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, நியூ மெக்சிகோவின் சிமரோன் என்ற ஊரில் உள்ள பழைய செயின்ட் ஜேம்ஸ் ஹோட்டலுக்குப் போங்கள். அதன் கூரையிலும் குண்டுத் துளைகள் உண்டு. அங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்று கேளுங்கள். 26! இரண்டு மதுக்கூடங்கள், இரண்டு மாநிலங்கள், ஒரே எண்ணிக்கை. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் எண்களைக் கேட்கும்போது, எந்த நீதிமன்றப் பதிவில், எந்தப் பழைய செய்தித்தாளில் இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது.

பேய் எப்படிக் குடிவருகிறது

பேய் உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கதை எப்படி வளர்கிறது என்பதைச் சொல்ல முடியும். சுரங்க ஊர்களில் செத்தவர்கள் பெரும்பாலும் இளவயதுக்காரர்கள், எங்கிருந்தோ வந்தவர்கள். சொந்தபந்தம் பக்கத்தில் இல்லை. சடங்கு செய்யவும் ஆளில்லை, ஊரார் நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நாள்பட்ட பழக்கமும் இல்லை. அப்படிச் செத்தவர்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மறுக்க ஆளிருக்காது. அடுத்தது கட்டடம். பாலைவனத்தில் இரவானால் வெப்பம் சட்டென்று இறங்கும். பகலில் விரிந்த மரத்தரையும் இரும்புக் குழாயும் ராத்திரியில் சுருங்கிச் சடசடக்கும். நூறு வருடப் பழைய ஹோட்டலில் அது காலடிச் சத்தம் போலவே கேட்கும்.

மூன்றாவது, வியாபாரம். அரிசோனாவின் பிஸ்பியில் 1902-ல் திறந்த காப்பர் குவீன் ஹோட்டல் இன்னும் நடக்கிறது. தங்கியவர்கள் ராத்திரி கண்டதையும் கேட்டதையும் எழுதிவைக்க அங்கே ஒரு நோட்டு உண்டு. யோசித்துப் பாருங்கள்: அதைப் படித்துவிட்டுப் படுக்கப்போகிறவருக்குத் தூக்கம் வருமா? அவர் காலையில் இன்னும் ஒரு பக்கம் எழுதிவைப்பார். நெவாடாவின் டோனபாவில் 1907-ல் கட்டிய மிஸ்பா ஹோட்டலில் 'சிவப்பு உடைப் பெண்' உலவுகிறாள் என்பது கதை. ஐந்தாவது மாடியில் காதலன் பொறாமையில் கொன்றுவிட்டானாம். பிடித்த விருந்தினரின் தலையணையில் முத்து வைத்துவிட்டுப் போவாளாம். காப்பர் குவீனிலும் ஒரு பெண் பேய், அதுவும் காதலில் தோற்றவள். இந்த ஹோட்டல் பேய்களில் அநேகம் பேர் அழகான, ஏமாற்றப்பட்ட பெண்கள். காரணம் லேசில் புரிகிறது: அந்தக் கதை கேட்க இதமாக இருக்கும், யார் மீதும் பழி விழாது, அறை வாடகையும் ஏறும்.

டோனபாவைப் பற்றி இன்னொன்று. அங்கே கோமாளி பொம்மைகள் நிறைந்த 'கிளவுன் மோட்டல்' இருக்கிறது, பழைய கல்லறைத் தோட்டத்துக்கு ஒட்டினாற்போல. ஹாலோவீன் கூட்டத்துக்கு அது ஒரு கோயில். எனக்குக் கோமாளிகளைவிடப் பக்கத்துத் தோட்டம்தான் பெரிதாகப் படுகிறது. 1911-ல் பெல்மான்ட் சுரங்கத்தில் தீப்பிடித்து 17 பேர் செத்தார்கள். மற்றவர்களைக் காப்பாற்றத் திரும்பத் திரும்பக் கீழே இறங்கி, கடைசியில் தானும் செத்துப்போன பில் மர்ஃபி அவர்களில் ஒருவர். அவருடைய ஊரிலேயே முத்து வைக்கிற பெண்ணுக்குத்தான் மவுசு.

பேய் இல்லாத இடங்கள்

இந்தப் பயணத்தில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். எங்கே பெரிய அநியாயம் நடந்ததோ அங்கே பேய்க்கதை மெலிந்துவிடுகிறது.

பிஸ்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போர்க் காலம், செம்புக்கு ஏக கிராக்கி. ஃபெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனத்தின் சுரங்கத்திலும் மற்றவற்றிலும் தொழிலாளர்கள் பாதுகாப்பும் கூலியும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1917 ஜூலை 12 விடியற்காலையில், ஷெரிஃப் ஹாரி வீலர் திரட்டிய சுமார் 2,000 பேர் கையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு வீடு வீடாகப் போனார்கள். ஏறக்குறைய 1,200 ஆண்களைப் பிடித்து வாரன் பேஸ்பால் மைதானத்தில் நிறுத்தினார்கள். பிறகு மாடுகள் ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து, கோடை வெயிலில் பாலைவனம் வழியாக நியூ மெக்சிகோவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். மெக்சிகோக்காரர்களும் கிழக்கு ஐரோப்பியர்களும் அதில் நிறையப் பேர். மத்திய அரசின் குழு இதைச் சட்டவிரோதம் என்றது. தண்டனை என்று யாருக்கும் கிடைக்கவில்லை. அந்த மைதானம் இன்னும் இருக்கிறது. போய் நின்று பார்க்கலாம், டிக்கெட் ஒன்றும் கிடையாது. ஹோட்டலிலிருந்து காரில் சில நிமிடம்தான்.

அதே ஃபெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனத்துக்கு நியூ மெக்சிகோவின் வடக்கே டாசன் என்ற நிலக்கரி ஊரும் சொந்தமாக இருந்தது. (அது கறாராகப் பாலைவனம் இல்லை, புல்வெளி நிலம். ஆனால் சிமரோனுக்குப் பக்கம் என்பதால் அந்த வழியாகப் போகிறவர்கள் தவறவிடக் கூடாது.) 1913 அக்டோபர் 22 அன்று அங்கே சுரங்கத்துக்குள் வெடித்த வெடியில் நிலக்கரித் தூசு பற்றிக்கொண்டது. 263 பேர் இறந்தார்கள். பத்து வருடம் கழித்து, 1923-ல், இன்னொரு வெடிப்பில் 123 பேர். இத்தாலியிலிருந்தும் கிரீஸிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அதிகம். 1950-ல் சுரங்கத்தை மூடியபோது நிறுவனம் ஊரையே விற்றுவிட்டது. கட்டடங்களைப் பிரித்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியது கல்லறைத் தோட்டமும் அதில் வரிசை வரிசையாக வெள்ளை இரும்புச் சிலுவைகளும். ராத்திரி டூர், டிக்கெட் கவுன்டர் எதுவும் இல்லை. நானாக இருந்தால் ஒரு முழு மதியத்தை அங்கே ஒதுக்குவேன்.

இன்னொரு வகை இடங்களை ஹாலோவீன் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பேன். சாக்கோ, கான்யன் டி ஷே போன்ற பள்ளத்தாக்குகளில் பழங்குடி மக்களின் பல நூற்றாண்டுப் பழைய கல்வீடுகள் இருக்கின்றன. புவெப்லோ மக்களுக்கு அவை தங்கள் முன்னோர் வாழ்ந்த இடம், இன்னும் உறவு விடாத இடம். நவாஹோ பழங்குடியினரின் மரபிலோ இறந்தவர்களின் இடங்களை நெருங்காமல் ஒதுங்கிப்போவது வழக்கம். அங்கே போய்ப் பேய் தேடுவது அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் போய் விளையாடுவது. பகலில் பார்க்கலாம், தாராளமாகப் பார்க்க வேண்டிய இடங்களும்கூட. ஆனால் கீழே கிடக்கும் ஓர் ஓட்டுச்சில்லைக்கூட எடுக்கக் கூடாது. 1979-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

சுருக்கமாக இன்னும் சில இடங்கள்

மலைச்சரிவில் தொங்கும் ஜெரோமில் 1953-ல் செம்புச் சுரங்கம் மூடியதும் ஊர் கிட்டத்தட்டக் காலியானது. பின்னால் கலைஞர்கள் வந்து குடியேறினார்கள். 1927-ல் சுரங்க மருத்துவமனையாகத் திறந்த கட்டடம் இப்போது ஹோட்டல். சுரங்க வெடியில் நிலம் நகர்ந்து, ஊர்ச் சிறைச்சாலை இருந்த இடத்திலிருந்து இருநூறு அடிக்கு மேல் கீழே சறுக்கிவந்து நிற்பதைப் பார்க்கலாம்.

அரிசோனாவின் யூமாவில் 1876 முதல் 1909 வரை நடந்த சிறை இன்று அருங்காட்சியகம். மொத்தம் 3,069 கைதிகள். அதில் 29 பேர் பெண்கள். 'இருட்டுக் கொட்டடி' என்ற தண்டனை அறைக்குள் நுழைந்து பார்த்தால் பேய்க்கதை எதுவும் தேவைப்படாது. சிறை மூடிய பிறகு 1910-லிருந்து நாலு வருடம் ஊர் உயர்நிலைப் பள்ளி அங்கேதான் நடந்தது. அந்தப் பள்ளியின் விளையாட்டு அணிக்கு இன்றைக்கும் 'கிரிமினல்ஸ்' என்றே பெயர்!

பயமே வேண்டாம் என்பவர்கள் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைக்கலாம். நவம்பர் முதல் இரண்டு நாட்கள் மெக்சிகோ வம்சாவளியினருக்கு இறந்தவர்களின் நாள். வீட்டில் படம் வைத்து, பிடித்த உணவு படைத்து, செண்டுமல்லிப் பூவால் அலங்கரிப்பார்கள். நம் மாலைகளில் கட்டுகிற அதே பூதான். அதன் பூர்வீகம் மெக்சிகோ. அரிசோனாவின் டூசான் நகரில் 1990 முதல் நவம்பர் தொடக்கத்தில் பெரிய ஊர்வலம் நடக்கிறது. இறந்துபோன சொந்தக்காரர்களின் படத்தை ஏந்திக்கொண்டு யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

போகும் முன்

முதல்முறை என்றால் டூசானில் தொடங்குங்கள். அங்கிருந்து டூம்ஸ்டோன் சுமார் 110 கிலோமீட்டர், அதிலிருந்து பிஸ்பி இன்னொரு 40. இரண்டு ராத்திரி போதும். பிஸ்பியில் குவீன் சுரங்கத்துக்குள் சின்ன ரயிலில் கூட்டிப்போகும் டூரை விட்டுவிடாதீர்கள். உள்ளே எப்போதும் 8 டிகிரி அளவில்தான் இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். பிஸ்பியும் ஜெரோமும் 1,500 மீட்டருக்கு மேல் உயரம், ஆகவே வெளியிலும் இரவில் குளிரும்.

கைவிடப்பட்ட சுரங்கம் எதிலும் தனியாக நுழையாதீர்கள். அரிசோனாவிலும் நெவாடாவிலும் இவை பல்லாயிரம். உள்ளே காற்று கெட்டிருக்கும், தாங்கு மரங்கள் இற்றுப்போயிருக்கும், இருட்டில் செங்குத்தான குழி இருப்பதே தெரியாது. பூட்டிக்கிடக்கும் பழைய வீடுகளில் எலிப்புழுக்கையைக் கிளறுவதும் ஆபத்து. 1993-ல் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா, கொலராடோ ஆகிய நான்கு மாநிலங்கள் சந்திக்கும் இடத்தைச் சுற்றி ஆரோக்கியமான இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தபோதுதான், மான்-எலி என்ற எலியிலிருந்து பரவும் ஹான்டா வைரஸ் அங்கே இருப்பது தெரிந்தது. பெட்ரோலும் தண்ணீரும் முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளுங்கள். போன் சிக்னலை நம்பிப் போக முடியாத சாலைகள் நிறைய.

கடைசியாகக் கடிகாரம். அரிசோனாவில் கோடை நேர மாற்றம் கிடையாது, நவாஹோ நிலத்தில் மட்டும் உண்டு. ஆகவே ஹாலோவீன் அன்று டூம்ஸ்டோனும் கலிஃபோர்னியாவும் ஒரே நேரம் காட்டும், நியூ மெக்சிகோ ஒரு மணி நேரம் முன்னால் போகும். ராத்திரி டூருக்கு முன்பதிவு செய்திருந்தால் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.